மரையை எவ்வளவு இறுக்கலாம்?

(கட்டடத் தொழிலாளர்களும் வீடு கட்டுவோரும் சேர்ந்து அமர்ந்திருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழாய் வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மறுபக்கம் என்று அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் இரு தரப்புக்கும் இடையே அடிக்கடி மூளும் ஒரு சண்டையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். குடிபோய் ஓராண்டு, இரண்டாண்டு ஆகியிருக்கும். குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் படுக்கையறையில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும். ஓதம் மேலே ஏறும். டைல்ஸை உடைத்துப் பார்த்தால், பைப் நடுவில் உடைந்திருப்பது அபூர்வம். சொல்யூஷன் போட்டு ஒட்டிய மூட்டும் பெரும்பாலும் கெட்டியாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் முடிந்து பித்தளை தொடங்குகிற அந்த அரை அங்குல, முக்கால் அங்குல நீளத்தில்தான் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும்.

"சரியா டைட் பண்ணாம விட்டுட்டாங்க" என்பார் வீட்டுக்காரர். "நல்லா டைட் பண்ணித்தான் சார் விட்டேன், பொருள் மட்டம்" என்பார் பிளம்பர். பிளம்பர் சொல்வதில் முதல் பாதி உண்மை. நல்ல டைட்டாகத்தான் இருந்தது. உடைந்ததே அதனால்தான்.

என் கையில் இருப்பதைப் பாருங்கள். அரை அங்குல பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ. ஒரு முனையில் குழாய் ஒட்டும் வாய், மறுமுனையில் உட்பக்கம் மரை. பித்தளை நிப்பிளை இதற்குள் திருகியிருந்தார்கள். விரிசல் எங்கே இருக்கிறது? குறுக்கே இல்லை. வாயின் விளிம்பில் தொடங்கி உள்நோக்கி நீளவாக்கில், கத்தியால் கோடு போட்டது போல் நேராக ஓடுகிறது. தண்ணீர் உடைத்திருந்தால் ஓர் இடம் உப்பியிருக்கும், வெளுத்திருக்கும். இங்கே அந்த அடையாளம் இல்லை. இது உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டுப் பிளந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அச்சில் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தும்போது அது இரு பக்கமும் சுற்றி வந்து எதிர்ப்புறத்தில் ஒன்று சேரும். அந்தச் சேர்க்கைக் கோடு மற்ற இடங்களைவிடப் பலம் குறைந்தது. இங்கே விரிசல் அந்தக் கோட்டை ஒட்டியே போயிருக்கிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். விரல் நகத்தால் வருடினால் கோடு தட்டுப்படும்.

இது ஏன் நடக்கிறது என்று புரிய, மரையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் வழங்குவது பிரிட்டிஷ் குழாய் மரை. 1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் திருகு மரைகளுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். மரைப் பல்லின் கோணம் 55 பாகை என்பது அவர் வைத்தது. குழாய் மரை அந்த மரபில் வந்தது. அது இரும்புக் குழாய்களின் காலம். வெளிமரையைச் சற்றே கூம்பாக வெட்டினார்கள்: 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் விட்டம் கூடும். திருகத் திருக அது ஆப்பு மாதிரி உள்ளே நெருக்கும். நெருக்குவதால் மரை பிடிக்கிறது, அந்த நெருக்கமே தண்ணீரையும் தடுக்கிறது. சுற்றி இருப்பதும் இரும்பு என்பதால் அந்த நெருக்கத்தை அது தாங்கிக்கொண்டது. ஜி.ஐ. இரும்புப் பைப் காலத்தில் பலம் கொண்ட மட்டும் ரென்ச்சை இழுத்தவர்தான் நல்ல வேலைக்காரர். அந்தக் கைப்பழக்கம் குருவிடமிருந்து சீடனுக்கு வந்தது. கடையில் பொருள் பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. கை இன்னும் மாறவில்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. அரை அங்குல மரையில் ஓர் அங்குலத்துக்கு 14 பற்கள். அதாவது ஒரு முழுச் சுற்றுத் திருகினால் நிப்பிள் 1.8 மில்லிமீட்டர் உள்ளே போகும். கூம்பின் கணக்குப்படி விட்டம் 0.11 மில்லிமீட்டர் கூடும். ஒரு தலைமுடியைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். பித்தளை நசுங்கிக் கொடுக்காது. ஆகவே அந்த 0.11 மில்லிமீட்டர் முழுவதையும் வெளியே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் விரிந்துதான் சமாளிக்க வேண்டும். 21 மில்லிமீட்டர் விட்டத்தில் அது அரை சதவீத விரிவு. பி.வி.சி.யின் விறைப்பை வைத்துப் பார்த்தால், அந்த வளையத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ இழுவிசை ஏறுகிறது. ஒரே ஒரு சுற்றுக்கு.

அதே ஃபிட்டிங்கில் தண்ணீர் எவ்வளவு இழுவிசை தருகிறது? மொட்டைமாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. 3 மில்லிமீட்டர் கனமுள்ள சுவரில் அது ஏற்படுத்தும் இழுவிசை மூன்றரை கிலோவைச் சுற்றித்தான். தண்ணீர் செய்வதைப் போல நாற்பது மடங்கு வேலையை ரென்ச் ஒரு சுற்றில் செய்துவிடுகிறது. பல ஆண்டுகள் விடாமல் தாங்கும் என்று பி.வி.சி.க்கு வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்ளும் இழுவிசையே இதைவிடக் குறைவு. கை இறுக்கத்துக்கு மேல் மூன்று சுற்று இழுத்த ஃபிட்டிங் அன்றைக்கே உடையாமல் இருக்கலாம். பிளாஸ்டிக் மெல்ல இளகும், கொஞ்சம் தளரும், உலோகம் போல் அல்லாமல் காலத்தோடு களைக்கும். அந்தச் சேர்க்கைக் கோட்டில் ஒரு நுண்ணிய பிளவு தொடங்கும். ஒருநாள் அது வெளியே வந்து சேரும். டெஸ்ட் பண்ணிய அன்று ஒரு சொட்டுக்கூட இல்லை என்று பிளம்பர் சத்தியம் செய்கிறாரே, அவர் பொய் சொல்லவில்லை.

ஆகவே முதல் விதி: உலோக வெளிமரையை வெறும் பிளாஸ்டிக் உள்மரைக்குள் திருகாதீர்கள். பிளாஸ்டிக்குக்கு நெருக்கத்தைத் தாங்கத் தெரியும், விரிப்பைத் தாங்கத் தெரியாது. வேறு வழியில்லை என்றால் பிளாஸ்டிக் வெளிமரையை உலோக உள்மரைக்குள் கொண்டுபோங்கள். அப்போது உலோகம் வெளியே வளையமாக நின்று பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உள்ளே நசுங்குமே தவிரப் பிளக்காது.

இது குளிர்ந்த தண்ணீர் லைனுக்கு மட்டும் சொன்னது. சுடுதண்ணீர் லைனில் இதுவும் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். இரும்பைப் போல ஐந்தாறு மடங்கு, பித்தளையைப் போல மூன்று நான்கு மடங்கு. பித்தளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மரை கீசர் ஓடும்போது விரியப் பார்க்கும். விரிய இடமில்லாமல் நசுங்கி அந்த வடிவத்துக்கே படிந்துவிடும். இரவில் ஆறும்போது சுருங்கும், இடைவெளி விழும். சில மாதங்களில் காலை நேரத்தில் மட்டும் சொட்டும் கசிவு ஒன்று தோன்றும். சுடுதண்ணீர் வந்ததும் நின்றுவிடும். இந்தக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்த வீடுகள் உண்டு.

இதற்காகத்தான் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங்குகள் வந்தன. கடையில் எம்.ஏ.பி.டி. (MABT), எஃப்.ஏ.பி.டி. (FABT), பிராஸ் எல்போ, பிராஸ் டீ என்று கேட்டால் கொடுப்பார்கள். சொரசொரப்பாக வரி வெட்டிய பித்தளைத் துண்டைச் சுற்றி பிளாஸ்டிக்கை வார்த்திருப்பார்கள். குழாயும் ஃபிட்டிங்கும் சொல்யூஷனில் ஒட்டும், அது பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக். தண்ணீர் டேப் மாட்டும் மரை பித்தளையோடு பித்தளை. ஆப்பின் நெருக்கம் பித்தளைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சுவருக்குள் போகிற ஒவ்வொரு மரை மூட்டுக்கும் இதைத்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெறும் பிளாஸ்டிக் மரை எல்போவுக்கும் பிராஸ் எல்போவுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஒரு குளியலறைக்குக் கூட்டிப் பாருங்கள். பிறகு ஒரு சுவரின் டைல்ஸை உடைத்து, கொத்தனாரைக் கூப்பிட்டு, அதே டிசைன் டைல்ஸைத் தேடி அலைகிற செலவைக் கூட்டிப் பாருங்கள். வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், பிளம்பர் எழுதிக் கொடுக்கும் சிட்டையில் இந்த வரியில் கை வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பித்தளை எடையாக, கனமாக இருக்க வேண்டும். மரை ஆழமாக, வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும். வெளியே அறுபட்டை விளிம்பு இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பானரை அந்தப் பட்டையில் போட்டுப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருகலாம். பட்டை இல்லாத ஃபிட்டிங்கில் பிளாஸ்டிக் உடம்பைப் பைப் ரென்ச்சால் கடித்துப் பிடிப்பார்கள். ரென்ச்சின் பல் பதிந்த வடு ஒவ்வொன்றும் அடுத்த விரிசலுக்குத் தொடக்கப்புள்ளி. அதோடு, திருகும் விசை பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலுள்ள பிடிப்பில் போய் இறங்கும். அந்தப் பிடிப்பு ஒருமுறை அசைந்துவிட்டால் மரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பித்தளையின் முதுகுப்புறமாகத் தண்ணீர் வரும்.

வேலையின் வரிசையும் முக்கியம். மரையை முதலில் இறுக்குங்கள், பிறகு குழாயை ஒட்டுங்கள். நம் வேலையிடங்களில் தலைகீழாக நடக்கிறது. எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு, சொல்யூஷன் காயும் முன்பே டேப்பைத் திருகிப் பார்க்கிறார்கள். பாதி காய்ந்த மூட்டு அந்த முறுக்கில் நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது.

டெஃப்லான் டேப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பொருளை 1938 ஏப்ரலில் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்பதன வாயு பற்றிய ஆராய்ச்சியின்போது தற்செயலாகக் கண்டார். எதோடும் ஒட்டாது, எதோடும் வினைபுரியாது, வழுவழுப்பு மிக அதிகம். மரையில் அது செய்யும் முதல் வேலை வழுக்க விடுவது. உராய்வு குறைவதால் மரை ஆழமாகப் போய் உட்காரும். பற்களுக்கு நடுவே நசுங்கி, மீதமுள்ள சந்தையும் அடைக்கும். சிக்கல் எங்கே என்றால், நம் கை இறுக்கத்தை உணர்வது உராய்வை வைத்துத்தான். உராய்வைக் குறைத்துவிட்டால் கை ஏமாந்துபோகும். "இன்னும் டைட் ஆகலையே" என்று தோன்றும், இன்னும் ஒரு சுற்று போடுவார்கள். பத்துச் சுற்று டேப்பைச் சுற்றிவிட்டால் ஆப்பும் தடிக்கிறது, வழுக்கலும் கூடுகிறது. இரண்டு தீங்கும் ஒன்றாகச் சேர்கின்றன.

சாதாரண மெல்லிய டேப்பில் மூன்று சுற்று, தரமான கனத்த டேப்பில் இரண்டு. மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். முதல் பல்லைத் திறந்து விடுங்கள். இல்லாவிட்டால் பிசிறு உள்ளே தொங்கி, கிழிந்து, ஷவர் வடிகட்டியில் போய் அடைக்கும். டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். மரைப் பல்லின் வடிவம் டேப்பின் மேல் தெளிவாகத் தெரிய வேண்டும், அதுதான் அளவுகோல். பின்பு கையால் திருகுங்கள். கை நின்ற இடத்திலிருந்து, பிளாஸ்டிக் மரையாக இருந்தால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. தண்ணீர் டேப் சரியான திசையில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பின்னோக்கித் திருப்பாதீர்கள். திருப்பினால் டெஃப்லான் அறுந்து சந்து விழும். திரும்பக் கழற்றி, பழைய டெஃப்லானைச் சுத்தமாக உரித்து, புதிதாகச் சுற்றுங்கள்.

சணல் நூலும் வெள்ளைப் பெயிண்டும் வைத்துக் கட்டுகிற பழைய முறை ஜி.ஐ.யில் நன்றாக வேலை செய்தது. நூல் நனைந்து உப்பி அடைக்கும். பிளாஸ்டிக் மரையில் அதே உப்பல் இன்னொரு ஆப்பாகிவிடும். சுடுதண்ணீர் லைனுக்குப் போடும் சி.பி.வி.சி.யில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில எண்ணெய்களும், சில மரைப் பசைகளில் கலந்திருக்கும் கரைப்பான்களும் இழுவிசையில் இருக்கும் சி.பி.வி.சி.யை மெல்ல மெல்ல வெடிக்கச் செய்யும். கிரீஸ், பெயிண்ட், பேர் தெரியாத சீலன்ட் எதுவும் அதன் மேல் படவே கூடாது. டெஃப்லான் டேப் போதும்.

ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்குகிறவர்கள் இங்கே இருந்தால், அவர்கள் கையாளும் குழாயை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். யு.பி.வி.சி. காலம் (column) பைப்பின் மரை கூம்பாக இருக்காது, சதுரப் பல்லாக நேராக இருக்கும். மோட்டாரின் எடை, குழாயின் எடை, உள்ளே நிற்கும் தண்ணீரின் எடை எல்லாம் அந்தப் பற்களில் தொங்கும். தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை. மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். மோட்டாரோடு சேரும் கீழ் அடாப்டர் உலோகம். அங்கேயும் இதே ஏற்பாடுதான். பிடிப்பது ஒன்று, அடைப்பது இன்னொன்று. நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், மோட்டார் ஒவ்வொரு தடவை ஓடத் தொடங்கும்போதும் உதறுகிற இடத்தில், பிளாஸ்டிக்கும் உலோகமும் இப்படித்தான் சமாதானமாக இருக்கின்றன. யூனியனும் அதே கொள்கையில் வேலை செய்கிறது. தட்டையான இரண்டு முகங்களுக்கு நடுவே ரப்பர் வாஷர், வெளியே ஒரு நட். கைக்கு எட்டுகிற இடங்களில், மோட்டார் பக்கத்தில், தொட்டியடியில், கீசருக்குக் கீழே யூனியன் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மரையைக் கழுத்தை நெரிப்பது போல் இறுக்க வேண்டிய தேவையே அங்கு இல்லை. வாஷர் பழையதானால் கழற்றி மாற்றிவிடலாம். யூனியனைச் சுவருக்குள் மட்டும் புதைக்காதீர்கள்.

பழைய வீட்டில் ஜி.ஐ. லைனை அப்படியே வைத்துக்கொண்டு பாதியிலிருந்து சி.பி.வி.சி. போடச் சொல்கிறார்கள். செலவு மிச்சம் என்ற எண்ணம். உப்புத் தண்ணீரில் இருபது முப்பது ஆண்டு கிடந்த ஜி.ஐ. மரை துருவால் அரிக்கப்பட்டுப் பாதிப் பல்லோடு நிற்கும். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பல் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அங்கே திருகும்போது பின்னால் இருக்கும் குழாயை இன்னொரு ரென்ச்சால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒற்றை ரென்ச்சில் இழுத்தால் சுவருக்குள் அடுத்த மூட்டு அவிழும். இன்று போட்ட புது மூட்டு ஒழுகாது. நீங்கள் பார்க்காத பழைய மூட்டு ஒழுகும்.

வெளிநாட்டுச் சாமான் வாங்கிக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க மரையின் பல் கோணம் 60 பாகை, நம்முடையது 55. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 பற்கள்தான். அதனால் திருகினால் ஏறிவிடும், பொருந்தியது போலவே இருக்கும், ஆனால் பல்லோடு பல் படியாது. எத்தனை டேப் சுற்றினாலும் கசியும். இறுக்கினால் பிளாஸ்டிக் போகும். மரை மாற்றும் அடாப்டர் இல்லாமல் அதைச் சுவரில் ஏற்றாதீர்கள்.

இனி மொட்டைமாடி. வெயிலில் கிடக்கும் 10 மீட்டர் நேர்க்குழாய் விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால், ஜி.ஐ. மூன்றரை மில்லிமீட்டர் நீளும், பி.வி.சி. இரண்டு சென்டிமீட்டர் நீளும். இந்த நீட்டலைத் தாங்க வளைவு எதுவும் விடாமல், இரு முனையையும் உலோக வால்வில் கட்டிப்போட்டால், அந்தத் தள்ளல் முழுவதும் மரை மூட்டில்தான் போய் முட்டும். தினமும் முட்டும். லைனில் இரண்டு எல்போவாவது போட்டுத் திசை மாற்றுங்கள். குழாயைக் கிளாம்ப்பில் நெரிக்காமல், நழுவ இடம் விடுங்கள். வால்வை மட்டும் அசையாமல் தாங்கிப் பிடியுங்கள். பித்தளை கேட் வால்வின் எடையைப் பிளாஸ்டிக் டேங்க் நிப்பிள் சுமப்பதை எத்தனை மாடிகளில் பார்க்கிறோம்! இறுகிப்போன வால்வை யாரோ இரண்டு கையால் திருகும்போது அந்த முறுக்கு முழுவதும் தொட்டிச் சுவருக்குப் போகிறது. ஒரு செங்கல் திண்டும் ஒரு கிளாம்ப்பும் அதைத் தடுத்திருக்கும்.

சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். சி.பி.வி.சி. குழாய் 93 டிகிரி வரை தாங்கும் என்று மதிப்பிடப்பட்டது. கோடையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால், பயன்படுத்தாத சோலார் டாங்கில் தண்ணீர் கொதிநிலையை நெருங்கிவிடும். டாங்கிலிருந்து வெளிவரும் முதல் பகுதி உலோகமாகவே இருக்கட்டும். அதன் பிறகு பித்தளை மரை ஃபிட்டிங் வைத்து சி.பி.வி.சி.யைத் தொடங்குங்கள். கீசருக்கும் இதே முறை. யு.பி.வி.சி.யை இந்த லைன் பக்கமே கொண்டுவரக் கூடாது; அது குளிர்ந்த தண்ணீருக்கானது.

கடைசியாகப் பூச்சுக்கு முந்தைய நாள். தண்ணீர் டேப் வருகிற வாய்களையெல்லாம் பிளக் போட்டு அடைத்து, லைனில் தண்ணீர் நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். லைன் வேலை செய்யப்போகும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. தண்ணீருக்குப் பதில் கம்ப்ரஸர் காற்றை ஏற்ற யாரையும் விடாதீர்கள். அடைபட்ட காற்றோடு பிளாஸ்டிக் வெடித்தால் சில்லுகள் பறக்கும், கண் போகும். சோதனைக்குப் போட்ட பிளாஸ்டிக் பிளக்கைக் கழற்றிய பிறகு, டேப் மாட்டும்போதும் கை இறுக்கத்துக்கு மேல் அளவாகவே திருகுங்கள். டேப் நேராக நிற்கவில்லை என்றால் இன்னும் முக்கால் சுற்று இழுத்து நேராக்காதீர்கள். கழற்றி, ஒரு சுற்று டெஃப்லானைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி ஏற்றுங்கள். சோதனை முடிந்ததும், சுவரில் ஒவ்வொரு மரை மூட்டின் பக்கத்திலும் அளவு டேப்பைப் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியும்படி செல்போனில் படம் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு ஒரு பிரதி வையுங்கள். நாளைக்கு ஏதாவது என்றால் ஒரே ஒரு டைல்ஸை எடுத்தால் போதும்.